ஸ்பீக்கர் ஒயரின் கதை - கையால் பின்னிய கேபிள்களின் வரலாறு

ஒரு ஸ்டீரியோ செட்டில் யாருமே கவனிக்காத பொருள் எது? பெட்டிக்குப் பின்னால் தூசு படிந்து கிடக்கும் ஒயர்தான். ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவார்கள், ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசுவார்கள், இசைத்தட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒயரைப் பற்றி என்ன பேச இருக்கிறது? இரண்டு செம்புக் கம்பி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அவ்வளவுதானே!

ஆனால் இந்த "அவ்வளவுதானே" என்ற இடத்தில்தான் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக ஒரு பெரிய சண்டை நடந்து வருகிறது. கேபிளுக்கென்றே கம்பெனிகள் பிறந்தன. ஒரு ஜோடி ஒயர் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரைவிட அதிக விலைக்கு விற்றது. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்து வீட்டிலேயே பின்ன ஆரம்பித்தார்கள். சிலருக்கு நல்ல பலன் கிடைத்தது. சிலருக்கு ஆம்ப்ளிஃபயரே புகைந்தது! இவர்களின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கடலுக்கு அடியில் போக வேண்டும்.

கடலுக்கு அடியில் தொடங்கிய கணக்கு

ஒரு நீண்ட ஒயரின் வழியே போகும் மின்குறி உருமாறிப் போகுமா என்ற கேள்வி ஹைஃபை ரசிகர்கள் கேட்டதல்ல. தந்திக்காரர்கள் கேட்டது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் தந்தி கேபிள் போடப்பட்டது. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தி 98 சொற்கள் கொண்டது. அது போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது! அனுப்பிய ஒவ்வொரு துடிப்பும் மறுமுனையில் சேறுபோலக் குழம்பி வந்தது. குறியைப் பலப்படுத்துவதற்காக வைல்ட்மன் வைட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தார். மூன்று வாரங்களில் கேபிள் செத்துப் போனது.

ஏன் அப்படிக் குழம்பியது என்பதற்கு வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கணக்குப் போட்டு விடை சொன்னார். ஒயரின் மின்தடையும், அதன் உறை மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கொள்திறனும் சேர்ந்துதான் துடிப்பை இழுத்து நீட்டுகின்றன என்றார். 1880களில் ஆலிவர் ஹெவிசைட் இதோடு மின்தூண்டலையும் சேர்த்து முழுமையான சமன்பாடுகளை எழுதினார். பல்கலைக்கழகப் படியே ஏறாத, முன்பு தந்தி ஊழியராக இருந்த மனிதர் அவர்.

மின்தடை, கொள்திறன், மின்தூண்டல். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிற்காலத்தில் கேபிள் விற்றவர்களும், கேபிளைக் கிண்டல் செய்தவர்களும், வீட்டில் பின்னியவர்களும் கையில் எடுத்த ஆயுதம் இதே மூன்றுதான்.

தொலைபேசி தந்த பிளக்

இன்று ஹெட்ஃபோனிலும் கிடாரிலும் இருக்கும் 6.35 மி.மீ. பிளக் எங்கிருந்து வந்தது? தொலைபேசி இணைப்பகத்திலிருந்து! 1878-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. பலகையில் உள்ள துளைகளில் பெண் ஊழியர்கள் கயிறு போன்ற ஒயர்களைச் செருகிச் செருகி அழைப்புகளை இணைக்கும் முறை அடுத்த ஆண்டுகளில் பரவியது. அந்தச் செருகியின் வழிவந்ததுதான் இன்றைய பெரிய ஜாக்.

சிவப்பு, வெள்ளை நிறத்தில் இருக்கும் சிறிய ஆர்.சி.ஏ. பிளக்கின் கதை வேறு. ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி 1930களில் இதைக் கொண்டு வந்தது. ரேடியோவும் கிராமபோனும் ஒரே பெட்டியில் இருந்த காலம் அது. பெட்டிக்கு உள்ளே ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்க மலிவான ஒரு செருகி தேவைப்பட்டது. உள்ளே ஒருமுறை செருகினால் பிறகு யாரும் தொடப் போவதில்லை என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட பொருள் அது. அதனால்தான் அதில் ஒரு பெரிய குறை உண்டு. செருகும்போது நடுவில் இருக்கும் சிக்னல் முள் முதலில் தொடும். வெளிவளையம் (எர்த்) பிறகுதான் தொடும். இடைப்பட்ட அந்த நொடியில் ஸ்பீக்கரிலிருந்து "டர்ர்ர்" என்று ஒரு சத்தம்! வால்யூமைக் குறைக்காமல் ஆர்.சி.ஏ. செருகிய எல்லோருக்கும் இது தெரியும்.

எல்லோரும் சால்டரிங் பிடித்த காலம்

1925-ல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் இன்றைய சுருள் ஸ்பீக்கரின் வடிவத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஸ்பீக்கர் ரேடியோப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒயரின் நீளம் ஒரு சாண். அதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் நிலைமை மாறியது. 1947-ல் பிரிட்டனின் ஒயர்லெஸ் வேர்ல்டு இதழில் டி.டி.என். வில்லியம்சன் தன் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். உலகம் முழுவதும் ஆர்வலர்கள் அதைப் பார்த்து வீட்டிலேயே கட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹீத் கம்பெனி தன் முதல் எலெக்ட்ரானிக் "கிட்" பெட்டியை விற்றது. பாகங்கள் எல்லாம் உள்ளே இருக்கும், பற்றவைப்பது வாங்கியவர் வேலை. 1959-ல் டைனாகோ கம்பெனியின் ஸ்டீரியோ 70 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயரும் கிட்டாகவே வந்து சக்கைப்போடு போட்டது.

ஆம்ப்ளிஃபயரையே வீட்டில் கட்டுகிறவருக்கு ஒயர் ஒரு பொருட்டா? ஹார்டுவேர் கடைக்குப் போய், மேசை விளக்குக்குப் போடும் இரட்டை ஒயரை வாங்கி வருவார். நடுவில் பிடித்து இழுத்தால் இரண்டாகப் பிரியும். நுனியை உரித்து, ஈயம் வைத்து, திருகில் மாட்டினால் முடிந்தது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒயர் இரண்டு மடங்கானது. வேறு எதுவும் மாறவில்லை.

ஆக, அந்தக் காலத்தில் "வீட்டில் செய்த கேபிள்" என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாமே வீட்டில் செய்ததுதான்!

ஒயரை மாற்றியே தீர வேண்டிய நிலை

ஒயரை மாற்றினால் ஒலி மாறும் என்பதற்கு யாரும் மறுக்க முடியாத இரண்டு உதாரணங்கள் 1970களின் தொடக்கத்தில் வந்தன.

முதலாவது டைனாகோவின் டேவிட் ஹாஃப்லர் சொன்ன இணைப்பு. பின்பக்கம் வைக்கும் கூடுதல் ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபயரின் இடது, வலது என்ற இரண்டு நேர்முனைகளுக்கு நடுவே மாட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் ஒலி (உதாரணமாக நடுவில் நிற்கும் பாடகரின் குரல்) அங்கே ரத்தாகிவிடும். வேறுபாடு மட்டும் கேட்கும். அரங்கத்தின் எதிரொலி, கைதட்டல் எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். புதிய கருவி எதுவும் இல்லை. ஒயரை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் வித்தை.

இரண்டாவது சி.டி.-4 என்ற நான்கு வழி இசைத்தட்டு. ஜப்பானின் ஜே.வி.சி. உருவாக்கியது. இசைத்தட்டின் பள்ளத்துக்குள்ளேயே 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலை ஒன்றை ஒளித்து வைத்து, அதன்மேல் பின்பக்க ஒலிக்கான தகவலை ஏற்றினார்கள். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆனால் ஊசியும் ஒயரும் 45 கிலோஹெர்ட்ஸ் வரை கடத்தியாக வேண்டும். சாதாரண டர்ன்டேபிள் ஒயரின் கொள்திறன் இதை விழுங்கிவிட்டது. அதனால் குறைந்த கொள்திறன் கொண்ட ஒயரை மாற்றிப் போடுவது கட்டாயமானது. பலர் டர்ன்டேபிளைக் கவிழ்த்துப் போட்டு, பழைய ஒயரைப் பிடுங்கி, புதியதைப் பற்றவைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் புகழ்பெற்றிருந்த ஷூர் வி15 டைப் 3 காட்ரிட்ஜுக்கு 400 முதல் 500 பிகோஃபாரட் வரை கொள்திறன் தேவை என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தார். சி.டி.-4க்காக ஒயரைக் குறைந்த கொள்திறனுக்கு மாற்றியவர் இந்தக் காட்ரிட்ஜை மாட்டினால் மேல்ஸ்தாயி கெட்டுப்போகும்! நல்ல ஒயர், கெட்ட ஒயர் என்று பொதுவாக எதுவும் கிடையாது, எதோடு எதை இணைக்கிறோம் என்பதே கேள்வி. இந்தப் பாடம் அன்றே கிடைத்தது. ஆனால் பலர் அதைப் படிக்கவில்லை.

ஒயருக்கும் குரல் உண்டா?

1970களின் நடுவில் ஜப்பானில் சாபுரோ எகாவா என்பவர் ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் ஒலி மாறுகிறது என்று எழுதத் தொடங்கினார். பிரான்சில் இருந்த ஜான் ஹிராகா இதைப் பிடித்துக் கொண்டார். 1977-ல் பிரிட்டனின் ஹைஃபை நியூஸ் இதழில் வந்த அவருடைய கட்டுரை, இணைப்பு ஒயர்களை உண்மையிலேயே காதால் கேட்க முடியுமா என்ற கேள்வியை ஆங்கில வாசகர்கள் முன் வைத்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் எழுந்து போய் ஒயரை மாற்றிப் பார்த்தார்கள்.

அப்போது வந்ததுதான் அமெரிக்காவில் போல்க் ஆடியோ விற்ற "கோப்ரா" கேபிள். மெல்லிய இழைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காப்பு பூசி, பாம்புத்தோல் போலப் பின்னியிருந்தார்கள். இரு முனைக் கம்பிகளும் நெருங்கிப் பின்னப்பட்டதால் மின்தூண்டல் மிகவும் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இயற்பியல் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக் கொள்ளும்! கம்பிகள் நெருங்க நெருங்கக் கொள்திறன் ஏறியது. அன்றைய சில டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அவை தாமாகவே அலைவுறத் தொடங்கின. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பெட்டி சூடாகும், பிறகு புகை.

இதற்கு மருந்தும் எளிமையானது. கேபிளின் ஸ்பீக்கர் முனையில் ஒரு சிறிய மின்தடையையும் ஒரு சிறிய கெப்பாசிட்டரையும் தொடராகப் போட்டால் போதும். பெல் ஆய்வுக்கூடத்து ஓட்டோ ஸோபலின் பெயரால் இதை ஸோபல் இணைப்பு என்பார்கள். பொதுவாக 10 ஓம், 0.1 மைக்ரோஃபாரட். சில ரூபாய் பொருள், ஆயிரக்கணக்கான ரூபாய் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பிரிட்டனின் நெய்ம் கம்பெனி. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் மற்றவர்கள் வழக்கமாக வைக்கும் பாதுகாப்புச் சுருளை அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்தச் சுருளின் வேலையை ஸ்பீக்கர் ஒயரே செய்ய வேண்டும். ஆகவே ஒயர் குறைந்தது 3.5 மீட்டர் இருக்க வேண்டும் என்றார்கள்! இரண்டு கம்பிகளும் விலகி இருக்கும் தங்கள் சொந்தக் கேபிளையே பயன்படுத்தச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரில் வீட்டில் நெருக்கமாகப் பின்னிய கேபிளை மாட்டுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதுதான்.

1979: ஒயர் வியாபாரமாகிறது

நோயல் லீ என்பவர் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் லேசர் அணுக்கரு இணைவுத் துறையில் பொறியாளராக இருந்தவர். டிரம்ஸ் வாசிப்பவரும்கூட. வீட்டில் பலவிதமான தடித்த ஒயர்களை ஸ்பீக்கரோடு இணைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர், அதையே தொழிலாக்கினார். 1979-ல் பிறந்தது மான்ஸ்டர் கேபிள். அதே ஆண்டு யூட்டா மாநிலத்தில் ரே கிம்பர் தன் பின்னல் கேபிள் கம்பெனியைத் தொடங்கினார். டிஸ்கோ அரங்குகளில் விளக்கு ஒயர்களின் இரைச்சல் ஸ்பீக்கர் ஒயரில் ஏறுவதைப் பார்த்துப் பின்னல் யோசனைக்கு வந்தவர் அவர். 1980-ல் ஆடியோகுவெஸ்ட் வந்தது.

இவர்களில் சிலர் முதலில் தாங்களே ஒயர்களைச் சோதித்துப் பார்த்தவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கைத்தொழில் கம்பெனியானது. அடுத்து விலை ஏறியது. ஆக்சிஜன் இல்லாத செம்பு, வெள்ளிக் கம்பி என்று வகைகள் பெருகின. ஜப்பானில் பேராசிரியர் அட்சுமி ஓனோ கண்டுபிடித்த வார்ப்பு முறையில், ஒரே நீண்ட படிகமாக வளர்த்த செம்புக் கம்பிகூட விற்பனைக்கு வந்தது. 2013-ல் அதன் உற்பத்தி நின்றபோது ஆர்வலர்கள் துக்கம் கொண்டாடினார்கள்.

இந்த உலோகங்களைப் பற்றிய உண்மை என்ன? வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதம்தான் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். செம்புக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக வாங்கினால் அந்த 6 சதவீதம் வந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத செம்புக்கும் சாதாரண மின்செம்புக்கும் உள்ள கடத்து திறன் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான்!

கண்ணுக்குத் தெரியாமல் கேட்ட சோதனை

விற்பனை பெருகியபோது கேள்விகளும் வந்தன. 1980-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரைனர், ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான இணைப்பை அலசினார். வீட்டு நீளத்துக்கு ஸ்பீக்கர் ஒயரை அட்லாண்டிக் கேபிள் போலப் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 20 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஒயரில் சுமார் 10 கிலோமீட்டர். வீட்டு ஒயர் 3 மீட்டர். அலை திரும்பி எதிரொலிப்பது, குழம்புவது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. வெறும் மின்தடை, கொள்திறன், மின்தூண்டல் என்று மூன்று எளிய பாகங்களாகக் கணக்கிட்டால் போதும்.

1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. நடத்தியவர் லாரன்ஸ் கிரீன்ஹில். எந்த ஒயர் ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. மான்ஸ்டர் கேபிள், 16 கேஜ் விளக்கு ஒயர், 24 கேஜ் மெல்லிய ஒயர் ஆகிய மூன்றும் போட்டியில் இருந்தன. (கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும்.) இசையைக் கேட்டபோது மான்ஸ்டருக்கும் 16 கேஜ் விளக்கு ஒயருக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஆனால் மெல்லிய 24 கேஜ் ஒயர் இரண்டுக்கும் கீழே என்று தெரிந்தது.

இந்த முடிவை இரண்டு தரப்பும் பாதி பாதியாகப் பிய்த்து எடுத்துக் கொண்டது. "ஒயரில் வித்தியாசமே இல்லை" என்றது ஒரு தரப்பு. "பார்த்தீர்களா, வித்தியாசம் இருக்கிறது" என்றது மறு தரப்பு. உண்மையில் சோதனை சொன்னது மிக எளிமையானது: ஒயர் போதுமான தடிமன் இருந்தால் போதும்.

1991-ல் ஃபிரெட் டேவிஸ் அதே ஆடியோ இன்ஜினியரிங் இதழில் 12 வகைக் கேபிள்களை உண்மையான ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்களோடு அளந்து காட்டினார். கேபிள்களுக்கு இடையே அளக்கக்கூடிய வேறுபாடுகள் உண்டு. ஆனால் வீட்டு நீளத்துக்கு 12 கேஜ் ஒயர் தாராளம் என்றது அவர் முடிவு.

2007-ல் இது பொது வேடிக்கையாகவே ஆனது. 12 அடி நீளமுள்ள ஒரு ஜோடி 7,250 டாலர் என்று விற்கப்பட்ட பேர் கம்பெனியின் ஆஞ்சூ கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு என்று மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். பேச்சுவார்த்தை நடந்தது. சோதனை நடக்கவில்லை.

நெட்வொர்க் ஒயரைப் பின்னியவர்கள்

1990களில் அலுவலகங்கள் எங்கும் கணினிகளை இணைக்க கேட்-5 ஒயர் ஓடியது. உள்ளே நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றும் 24 கேஜ் திண்மக் கம்பி, சுமார் அரை மி.மீ. விட்டம். நல்ல செம்பு. உயர்ந்த ரகத்தில் டெஃப்லான் குடும்பத்துக் காப்பு. விலையோ அடிமாட்டு விலை!

இதைப் பார்த்த ஸ்டீரியோ ஆர்வலர்களுக்கு ஒரு யோசனை. கம்பெனிக்காரர் ஆயிரம் டாலருக்கு விற்கும் பின்னல் கேபிளை இதை வைத்து வீட்டிலேயே செய்தால் என்ன? சமையல் குறிப்பு போலச் செய்முறைகள் கைமாறின. மேலுறையைக் கிழித்து ஜோடிகளைத் தனியே எடுப்பார்கள். மூன்று ஜோடிகளைச் சடை போலப் பின்னுவார்கள். அப்படி மூன்று சடைகளைச் சேர்த்து மீண்டும் ஒரு சடை. அந்த மூன்றைச் சேர்த்து இன்னொரு சடை! மொத்தம் 27 ஜோடிகள். ஒவ்வொரு முனையிலும் 54 கம்பிகளை உரிக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 216 நுனிகள்! விரல் நுனி புண்ணாகாமல் முடித்தவர் குறைவு. பின்னப் பின்ன நீளமும் சுருங்கிக் கொண்டே போகும். அளந்து வெட்டியவர் கடைசியில் ஒரு ஜாண் குறைவதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்.

இதற்குப் பின்னால் ஒரு "தத்துவமும்" இருந்தது. ஒரு கேட்-5 ஜோடியின் சிறப்பு மின்மறுப்பு 100 ஓம். பன்னிரண்டு ஜோடிகளை இணையாகப் போட்டால் சுமார் 8 ஓம். ஸ்பீக்கரும் 8 ஓம். ஆஹா, பொருந்திவிட்டது! கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது அட்லாண்டிக் கேபிளுக்கான கணக்கு. 10 கிலோமீட்டர் அலைக்கு 3 மீட்டர் ஒயரில் இந்தப் பொருத்தம் பார்ப்பது, வாய்க்காலைத் தாண்டக் கப்பல் அட்டவணை பார்ப்பது போன்றது.

ஆனால் கேட்-5 பின்னல் வீண் என்று சொல்லிவிட முடியாது. 27 ஜோடிகளில் ஒரு முனைக்கு 27 கம்பிகள். கூட்டினால் சுமார் 5.5 சதுர மி.மீ. செம்பு. வீட்டு ஏ.சி.க்குப் போடும் ஒயரைவிடத் தடிமன்! மின்தடை அநேகமாக இல்லை. மின்தூண்டலும் மிகக் குறைவு. மேல்ஸ்தாயியில் மின்மறுப்பு ஓரிரண்டு ஓமுக்கு இறங்கிவிடும் சில எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். விலை கொடுக்க வேண்டிய இடம் கொள்திறன். ஜோடிக்கு மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரட் என்றால் 27 ஜோடிக்கு 1,350. மூன்று மீட்டருக்கு 4,000ஐத் தாண்டும். கோப்ராவின் கதை வீட்டுக்கு வீடு மீண்டும் நடந்தது இப்படித்தான். அளவோடு நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள். ஸோபல் இணைப்பு போட்டவர்களும் தப்பித்தார்கள்.

கணக்கு சொல்வது என்ன?

10 மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர் கம்பி.

24 கேஜ்: சுமார் 1.7 ஓம்
16 கேஜ் (1.3 சதுர மி.மீ.): சுமார் 0.26 ஓம்
12 கேஜ் (3.3 சதுர மி.மீ.): சுமார் 0.1 ஓம்

ஸ்பீக்கர் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அது நிலையான எண் அல்ல. ஒரு ஸ்வரத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னொன்றில் 20 ஓமுக்கு ஏறும். 24 கேஜ் ஒயரில் 4 ஓம் இடத்தில் ஒலி 3 டெசிபல் குறையும், 20 ஓம் இடத்தில் 0.7 டெசிபல்தான் குறையும். இந்த ஏற்றத்தாழ்வு காதுக்கு நன்றாகவே கேட்கும். பாட்டின் நிறமே மாறும். அதே இடத்தில் 16 கேஜ் போட்டால் வித்தியாசம் அரை டெசிபலுக்கும் கீழே போய்விடும். 12 கேஜில் அதுவும் இல்லை.

அப்படியானால் நல்ல தடிமன் ஒயர் வைத்திருந்த பலரும், புதிய கேபிள் போட்டவுடன் "திரை விலகியதுபோல் இருந்தது" என்று ஏன் சொன்னார்கள்? எல்லோரும் பொய் சொன்னார்களா? இல்லை. காரணங்கள் பல. பழைய பிளக்கைக் கழற்றி மாட்டும்போது அதன் மேல் படிந்த ஆக்சைடு தேய்ந்து போகும். புதிய கேபிள் தந்ததாக நினைத்த தெளிவைப் பழைய கேபிளையே கழற்றி மாட்டியும் பெற்றிருக்கலாம்! பழைய ஒயரின் நுனியில் ஓரிரண்டு இழைதான் ஒட்டிக் கொண்டிருந்திருக்கும். இன்னொன்று, ஒலி மிகச் சிறிதளவு உரக்க இருந்தால்கூட மனம் அதை "உரக்க" என்று சொல்லாது, "நன்றாக" என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு இரவுகள் கண்விழித்துப் பின்னிய கேபிள் நன்றாக இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பிளக்கிலும் உண்டு ஆபத்து

வாழைப்பழ பிளக் எனப்படும் 4 மி.மீ. செருகி 1920களிலிருந்து இருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் இதைப் பற்றவைப்பது வீட்டுக் கேபிள்காரர்களின் வழக்கம். ஆனால் ஐரோப்பிய வீட்டு மின்சாரச் சாக்கெட்டின் துளைக்குள்ளும் அது அழகாக நுழைந்துவிடும்! ஒரு குழந்தை ஸ்பீக்கர் ஒயரை எடுத்துச் சுவரில் செருகினால்? அதனால்தான் ஐரோப்பாவில் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஸ்பீக்கர் முனைகளின் துளைகளைச் சிறிய பிளாஸ்டிக் மூடியால் அடைத்து விற்றார்கள். ஆர்வலர்கள் வாங்கியவுடன் செய்யும் முதல் வேலை அந்த மூடியைக் கத்தியால் நெம்பி எடுப்பது!

முடிவாக...

இணைப்பு ஒயர்களின் பிரச்சினையும் காலப்போக்கில் கரைந்தது. 1982-ல் சி.டி. பிளேயர் வந்தபின் கருவிகளின் வெளியீட்டு மின்மறுப்பு சில நூறு ஓமுக்கு இறங்கியது. 600 ஓமும் 200 பிகோஃபாரட் ஒயரும் சேர்ந்தால் இழப்பு தொடங்குவது 10 லட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேலே. காது அங்கே போகவே போகாது. டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றும் கொள்திறனைப் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் வீட்டில் கேபிள் செய்வதில் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சரியான நீளம், போதுமான தடிமன், உறுதியான பற்றவைப்பு, சரியாக இணைத்த எர்த். இந்த நான்கும் இருந்தால் சில நூறு ரூபாய் கேபிள் எந்தக் கேபிளோடும் போட்டி போடும். இதைக் கையால் செய்து, அளந்து, கேட்டுப் பார்த்தவரை விளம்பரத்தால் ஏமாற்றுவது கடினம். வீட்டுக் கேபிள்காரர்களின் உண்மையான லாபம் அதுதான்.

1858-ல் வைட்ஹவுஸ் வோல்ட்டை ஏற்றிக் கொண்டே போனார். தாம்சன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1866-ல் வெற்றிகரமாக ஓடிய அட்லாண்டிக் கேபிள் தாம்சனின் கணக்கின்படி வந்தது. ஆசை கேபிளைப் பொசுக்கியது, கணக்கு கடலைக் கடந்தது. ஸ்டீரியோவின் பின்னால் தூசு படிந்து கிடக்கும் அந்த மூன்று மீட்டர் ஒயருக்கும் இதே பாடம் பொருந்தும்!